25 டன் நீராவி ரயில் கிரேன்: பாய்லரில் தொடங்குவதா, தண்டவாளத்தில் தொடங்குவதா?

#1 பேசிட்டி25

எல்லோருக்கும் வணக்கம். கிரேன் விவரம்: மிச்சிகன் மாநிலம் பே சிட்டியில் இண்டஸ்ட்ரியல் பிரவுன்ஹாய்ஸ்ட் நிறுவனம் செய்த 25 டன் நீராவி லோகோமோட்டிவ் கிரேன் (தண்டவாளத்தில் தானே நகரும் கிரேன்). இரண்டு நாலுசக்கர போகி (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டகம்), செங்குத்து பாய்லர், இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், 50 அடி பூம் (தூக்கும் கை). கூரையில்லாமல் பல வருடம் நின்றிருக்கிறது. அருங்காட்சியக வளாகத்துக்குள் மட்டும் ஓட்ட எண்ணம். தண்டவாளத் துண்டு, சக்கர அச்சு, சரக்கு வண்டி போகி, கட்டை அடுக்கு ஆகியவற்றைத் தூக்க வேண்டும். எதுவும் 6 டன்னைத் தாண்டாது. 25 டன் கிரேனுக்கு 6 டன் ஒரு பாரமே இல்லை என்பது குழுவின் கருத்து. அதனால் இருக்கிற பணத்தில் பாய்லர் குழாய்களை மாற்றி ஆவி ஏற்றிவிடலாம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று திட்டம். இந்த வரிசை சரியா?

#2 மட்டப்பலகை

தம்பி, வரிசை தலைகீழாக இருக்கிறது. பாய்லர் கடைசி. தண்டவாளத்தில் ஆரம்பித்து மேலே ஏறிப் போங்கள்: பாதை, சக்கரம், ஸ்பிரிங், சட்டகம், மையத்தண்டு (மேல்பகுதி இதைச் சுற்றித்தான் திரும்பும்), உருளை வட்டம் (மேல்பகுதியைத் தாங்கும் உருளைகள்), பூம், வடம், பிரேக். இவை எல்லாம் தேறிய பிறகுதான் ஆவிக்குச் செலவு செய்யணும். பாய்லர் நன்றாக இருந்து மையத்தண்டில் வெடிப்பு இருந்தால் உங்களிடம் இருப்பது புகை விடும் காட்சிப்பொருள்தான், கிரேன் இல்லை.

"25 டன்" என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். அது அமெரிக்க டன், 2,000 பவுண்டு, மெட்ரிக்கில் 22.7 டன்தான். அதுவும் பூமை முடிந்த மட்டும் நிமிர்த்தி, மிகக் குறைந்த ஆரத்தில் (கிரேன் நடுவிலிருந்து சுமைக்குள்ள தூரம்), பெரும்பாலும் அவுட்ரிக்கர் (பக்கவாட்டில் நீட்டித் தரையில் ஊன்றும் உத்திரம்) போட்ட நிலையில் தரும் எண். பூம் சாயச் சாய அது மளமளவென்று இறங்கும்.

கணக்கைப் பாருங்கள். 1,435 மிமீ அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத் தலைகளின் மையங்களுக்கு இடையே சுமார் 1.5 மீட்டர். பக்கவாட்டில் தூக்கும்போது கிரேன் கவிழும் அச்சு ஒரு தண்டவாளத்தின் தலை. கிரேனின் நடுவிலிருந்து அது வெறும் 0.75 மீ. கிரேன் மொத்தம் 60 டன், அதன் எடைமையம் நடுவிலிருந்து 0.15 மீ பின்னால் என்று வையுங்கள். பிடித்து வைக்கும் திருப்புத்திறன் 60 × 0.90 = 54 டன்-மீட்டர். சுமை 10 மீ ஆரத்தில் இருந்தால் தண்டவாளத்திலிருந்து அதன் தூரம் 9.25 மீ. 54 ÷ 9.25 = 5.84 டன்னில் எதிர்ப்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.180, அவுட்ரிக்கர் இல்லாத லோகோமோட்டிவ் கிரேனுக்குக் கவிழும் சுமையில் 85 சதவீதம்தான் அனுமதிக்கிறது. அப்படியானால் 4.96 டன். அதிலும் கொக்கிப் பிளாக் (கொக்கி தொங்கும் கப்பிக் கூடு), சங்கிலி, ஸ்லிங் (சுமையைக் கட்டும் வடம்) எடையைக் கழிக்க வேண்டும். உங்கள் 6 டன் இதில் அடங்கவில்லை.

இது எடுத்துக்காட்டு எண் மட்டும். உங்கள் கிரேனின் சுமை அட்டவணை கேபினுக்குள் தகடாக இருக்கும். அது இல்லையென்றால் எடை போட்டுப் பார்த்து ஒரு பொறியாளர் கையெழுத்திட்ட அட்டவணை வரும்வரை கொக்கியில் எதையும் மாட்டாதீர்கள்.

#3 பேசிட்டி25

அண்ணா, அதிர்ச்சியாக இருக்கிறது. அவுட்ரிக்கர் போட்டால்?

#4 மட்டப்பலகை

போட்டால் கதையே வேறு. அதே கிரேனில் அவுட்ரிக்கர் தாங்குமிடம் நடுவிலிருந்து 1.8 மீ தள்ளி என்றால் 60 × 1.95 = 117. சுமையின் தூரம் 8.2 மீ. கவிழும் சுமை 14.3 டன். முழுக்க நீட்டிய அவுட்ரிக்கருக்கு விதி 80 சதவீதம், ஆக 11.4 டன். ஆனால் அவுட்ரிக்கர் உத்திரத்தை வெளியே இழுத்து வைத்தால் மட்டும் போதாது. அடியில் கெட்டிக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஆப்போ ஜாக்கோ கொண்டு இறுக்கி, சுமை மண்ணுக்கு இறங்க வேண்டும். கட்டை அடுக்கு சரளைக்கல் சரிவின் விளிம்பில் உட்கார்ந்தால் சரளை வழுக்கும். பழைய உத்திரங்கள் நுழையும் பெட்டிக்குள் துரு மண்டிச் சிக்கிக்கொண்டிருக்கும். சம்மட்டியால் அடிக்காமல் வெளியே எடுத்து, உட்புறத் தகட்டின் தடிமனை அளக்கவும்.

அவுட்ரிக்கர் இல்லாமல் தூக்கும்போது பெரும்பாலானவர்கள் மறப்பது ஸ்பிரிங். சுமை ஏறினால் அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கும், கிரேன் சாயும், பூம் நுனி வெளியே நகரும், ஆரம் கூடும், ஸ்பிரிங் இன்னும் அமுங்கும். இதை நிறுத்தத்தான் போகிக்கும் சட்டகத்துக்கும் நடுவே ஆப்பு செருகி, சுமை ஸ்பிரிங்கில் போகாதபடி கட்டவேண்டும் என்று அதே விதி தனியாகச் சொல்கிறது. பல கிரேன்களில் இதற்கென்றே வார்ப்பிரும்பு ஆப்புகள் சங்கிலியில் தொங்கும். உங்களிடம் அவை காணாமல் போயிருந்தால் முதல் வேலையாக இடைவெளியை அளந்து செய்துகொள்ளுங்கள். ஓட்டும்போது அவற்றைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் மேடுபள்ளத்தில் சக்கரம் தடம் புரளும்.

இன்னொன்று, பாதையின் சாய்வு. வளைவில் ஒரு தண்டவாளம் 50 மிமீ உயர்ந்திருந்தால் சாய்வு முப்பதில் ஒன்று. பூம் நுனி 12 மீ உயரத்தில் இருந்தால் கொக்கி 0.4 மீ தாழ்ந்த பக்கம் போய்விடும். அந்த நிலையில் பூமைத் தாழ்ந்த பக்கம் திருப்பினால் அது தானாகவே ஓடும், திருப்பு பிரேக்கால் பிடிக்க முடியாமல் போகலாம். தூக்கும் இடம் நேர்ப்பாதை, மட்டம் பார்த்த பாதை, மட்கிய கட்டை ஒன்றுகூட இல்லாத பாதையாக இருக்கட்டும்.

#5 கொழும்புத்துறை

இடையில ஒரு கேள்வி. லோகோமோட்டிவ் கிரேன் எண்டதும், விபத்து மீட்புக்குப் போற பெரிய கிரேனும் ஒண்டுதானே?

#6 கம்பிவடம்

இல்லை. மீட்புக் கிரேனை அமெரிக்க ரயில்காரர்கள் "ரெக்கர்", "பிக் ஹூக்" என்பார்கள். 150, 200, 250 டன் என்று போகும். குறுகிய பூம், முதன்மைக் கொக்கி, துணைக் கொக்கி, கனத்த அவுட்ரிக்கர். வருடத்தில் பல நாள் சும்மா நின்று, அழைப்பு வந்தால் தனி ரயிலாகக் கிளம்பும். லோகோமோட்டிவ் கிரேன் தினமும் யார்டில் நிலக்கரி அள்ளவும் பொருள் தூக்கவும் செய்தது. தானே நகரும், சில வண்டிகளை இழுக்கும். கொக்கிக்குப் பதில் கிளாம்ஷெல் வாளியும் (இரண்டாகத் திறந்து மூடி அள்ளும் வாளி) மாட்டலாம். பே சிட்டியின் இண்டஸ்ட்ரியல் ஒர்க்ஸ் இரண்டையும் செய்தது. 1927இல் கிளீவ்லாந்தின் பிரவுன் ஹாய்ஸ்டிங்கோடு சேர்ந்து இண்டஸ்ட்ரியல் பிரவுன்ஹாய்ஸ்ட் ஆனது. தகட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதை வைத்தே கிரேனின் காலத்தை ஓரளவு சொல்லலாம்.

இந்த வேறுபாடு மறுசீரமைப்பில் முக்கியம். தினசரி உழைத்த கிரேனில் தேய்மானம் எங்கும் இருக்கும்: கப்பிப் பள்ளம், கிளட்ச், திருப்பு பல்சக்கரம். ரெக்கரில் தேய்மானம் குறைவு. நின்றே பிடித்த துருவும் நீர் தேங்கிய அரிப்பும் அதிகம்.

#7 கம்பிவடம்

பேசிட்டி25, வடத்துக்கு வருவோம். பழைய வடத்தைப் பார்த்து யோசிக்கவே வேண்டாம், வெட்டி எடுங்கள். வெளியே கிரீஸ் பளபளத்தாலும் உள்ளே நார்க்கரு காய்ந்து, கம்பி உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். புது வடம் போடுமுன் கப்பிகளைக் கழற்றிப் பள்ள அளவி வைத்துப் பாருங்கள். பழைய தேய்ந்த வடம் பள்ளத்தை ஒடுக்கியிருக்கும். அதில் புது வடத்தைப் போட்டால் இரண்டு பக்கமும் நசுக்கி, சில நாள் வேலையிலேயே கம்பி முறிய ஆரம்பிக்கும். பள்ளத்தைக் கடைசலில் திருத்தலாம், விளிம்பு தடிமன் மிஞ்சினால்.

கப்பி விட்டத்தையும் சரிபாருங்கள். சுமை வடம் சுற்றும் டிரம்மும் மேல் கப்பியும் வட விட்டத்தைப்போல் 18 மடங்கு, கீழ்ப் பிளாக் கப்பி 16, பூம் வடத்துக்கு 15 என்பது ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) வெளியிடும் இன்றைய பி30.5 நெறியின் அளவு. முக்கால் அங்குல வடம் என்றால் மேல் கப்பி 13.5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கூடுதல் பலம் என்று நினைத்துத் தடித்த வடம் வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தடித்த வடம் சின்னக் கப்பியில் சீக்கிரம் சாகும்.

கழிக்க வேண்டிய அடையாளம்: ஒரு புரி நீளத்தில் (ஓர் இழை வடத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றிவரும் நீளம்) ஆங்காங்கே ஆறு கம்பி அறுந்திருந்தால், அல்லது ஒரே இழையில் மூன்று அறுந்திருந்தால், அல்லது வெளிக்கம்பி மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால். முக்கால் அங்குல வடம் 3/64 அங்குலத்துக்கு மேல் மெலிந்தாலும் போச்சு. ஒரு மாதத்துக்கு மேல் சும்மா நின்ற கிரேனின் வடத்தை மறுபடி ஓட்டுமுன் முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும். அருங்காட்சியகக் கிரேன் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் இந்த விதிக்குள் வரும். கொக்கியையும் அளந்து எழுதி வையுங்கள்: வாய் 15 சதவீதத்துக்கு மேல் விரிந்தாலோ 10 பாகைக்கு மேல் முறுக்கினாலோ தூக்கிப் போடணும். சூடாக்கி நிமிர்த்துவது கூடவே கூடாது.

#8 கொழும்புத்துறை

அண்ணை, வட நுனியில U போல்ட் கிளிப் எந்தப் பக்கம் வரவேணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லினம்.

#9 கம்பிவடம்

இரும்புச் சேணம் சுமை தாங்கும் வடத்தின் மேல், U வளைவு சும்மா தொங்கும் நுனி மேல். எல்லாக் கிளிப்பும் ஒரே பக்கம். மாற்றிப் போட்டால் U போல்ட் சுமை வடத்தைக் கடித்து நசுக்கும். முக்கால் அங்குலத்துக்கு 4 கிளிப், மடக்கும் நீளம் 18 அங்குலம், முறுக்கு 130 அடி-பவுண்டு. முதல் சுமை தூக்கியதும் வடம் மெலியும், நட்டு தளரும், மறுபடி முறுக்கவும்.

ஆப்புச் சாக்கெட் (வட நுனியை ஆப்பு வைத்து இறுக்கும் கூடு) இருந்தால் அதுதான் நல்லது. சுமை வடம் இழுவைக்கு நேராக வரும்படி கோர்க்கவும். தொங்கும் நுனியைச் சுமை வடத்தோடு சேர்த்துக் கிளிப் போடாதீர்கள். டிரம்மில் கொக்கி அடி தொட்ட பிறகும் இரண்டு முழுச் சுற்று மிஞ்ச வேண்டும், பூம் டிரம்மிலும் அப்படியே.

#10 சுடர்க்கொடி

பாய்லர் கடைசி என்று மட்டப்பலகை சொன்னதில் பாதிக்குத்தான் உடன்படுகிறேன். செலவு கடைசியில் இருக்கலாம், ஆய்வு முதலிலேயே நடக்க வேண்டும். தகடு தேறாது என்று தெரிந்தால் மொத்தத் திட்டமும் மாறும்.

எந்தப் போர்வையையும் உரிக்குமுன் மாதிரி எடுத்து ஆஸ்பெஸ்டாஸ் சோதனை. பாய்லர் மேலுறை மட்டுமில்லை, கிளட்ச்சும் பிரேக் பட்டை லைனிங்கும் அதுவாக இருக்கலாம். இருந்தால் உரிமம் பெற்றவர் எடுக்கட்டும். டிரம் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதவே கூடாது.

பிறகு தடிமன் அளவு. 150 மிமீ சதுரக் கட்டம் வரைந்து ஒவ்வொரு மூலையிலும் மீயொலி அளவு. அடியில், தீ எரியும் அறையைச் சுற்றிய நீர்ப்பை முடியும் இடத்திலும் கைத்துளை (கைவிட்டுச் சுத்தம் செய்யும் துளை) ஓரங்களிலும் கட்டத்தை நெருக்கிப் போடுங்கள். சகதி படிந்து அரிப்பது அங்கேதான். வெளியே இருந்து பார்த்தால் தகடு புதிதுபோல் இருக்கும், உள்ளே குழிக்குழியாக இருக்கும்.

நெடுக்கு இணைப்பு மேல்படிய ரிவெட் அடித்ததா, பட்டை வைத்து அடித்ததா என்று முதலில் பாருங்கள். தகட்டின் மேல் தகடு படிந்த இணைப்பில் பாய்லர் முழு வட்டமாக இருக்காது. ஒவ்வொரு அழுத்த ஏற்ற இறக்கத்திலும் இணைப்பு ஓரம் வளைந்து நிமிரும். வெடிப்பு, மறைந்த தகட்டின் முகத்தில் வளரும், கண்ணுக்குத் தெரியாது. 1905 மார்ச் 20இல் மாசசூசெட்ஸ், பிராக்டன் நகரில் குரோவர் காலணித் தொழிற்சாலைப் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தது இந்த வகை வெடிப்பால்தான். அந்த மாநிலத்தின் பாய்லர் விதிகளும் பிறகு ஏஎஸ்எம்இ நெறியும் அதன் தொடர்ச்சி. அப்படி ஒரு இணைப்பு இருந்தால் "குறைந்த அழுத்தத்தில் ஓட்டிக்கொள்ளலாம்" என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். மாநிலப் பாய்லர் ஆய்வாளரை உடனே கூப்பிடுங்கள்.

#11 பேசிட்டி25

அக்கா, குழாய்களை எங்கள் ஆட்களே மாற்றலாமா? வெல்டர் இருக்கிறார்.

#12 சுடர்க்கொடி

வெல்டர் திறமைசாலியாக இருக்கலாம்; அது போதாது. அழுத்தம் தாங்கும் பாகத்தில் பற்றவைப்பு என்றால் நேஷனல் போர்டின் (அமெரிக்கப் பாய்லர் ஆய்வாளர்கள் அமைப்பு) "ஆர்" என்ற பழுதுநீக்க முத்திரைச் சான்று உள்ள நிறுவனம் செய்து, ஆய்வாளர் ஏற்று, பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும். பழைய குழாயை வெட்டி எடுப்பது, துளையைச் சுத்தம் செய்வது, உட்புறம் சுரண்டுவது போன்ற வேலைகளை அவர்களிடம் கேட்டு உங்கள் ஆட்கள் செய்யலாம். கூலியில் பெரும்பங்கு மிச்சமாகும்.

செங்குத்து பாய்லரில் குழாய் மேல்நுனி நீர்மட்டத்துக்கு மேலே, ஆவியில் நிற்கும் வகை உண்டு. அந்த நுனிகளைக் குளிர்விக்க நீர் இல்லை. அழுத்தம் நன்றாக ஏறுமுன் புளோயரைத் (தீயைத் தூண்டும் ஊதுகுழாய்) திறந்து தீயை ஊதினால் மேல்தகட்டில் குழாய் விரிந்து ஒழுகத் தொடங்கும். ஒழுகுவதை மறுபடி மறுபடி உருட்டி இறுக்கினால் குழாய் சுவர் மெலிந்துவிடும். மருந்து ஒன்றுதான்: நிதானமான தீ. குளிர்ந்த பாய்லருக்கு நாலைந்து மணி நேரம் கொடுங்கள்.

நீரழுத்தச் சோதனை வேலையழுத்தத்தைப்போல் 1.25 மடங்கு, 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) பாய்லருக்கு 125. தகடு 20 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குளிர்ந்த பழைய எஃகு நொறுங்கும். பாதுகாப்பு வால்வைக் கழற்றி மூடித் தட்டு போடுங்கள், திருகி அமுக்காதீர்கள். காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். உள்ளே சிக்கிய காற்று வில்போல் ஆற்றலைச் சேர்த்து வைக்கும்.

ஓட்டும்போது இரண்டு விஷயம். செங்குத்து பாய்லரில் ஆவிக்கு இடம் குறைவு. நீர்மட்டக் கண்ணாடியில் நீரை உச்சிக்கு ஏற்றி வைத்தால், ரெகுலேட்டரை (எஞ்சினுக்கு ஆவி விடும் வால்வு) திறந்ததும் நீரும் சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். நீர் அமுங்காது, சிலிண்டர் மூடிதான் உடையும். முதல் சில சுற்றுக்குச் சிலிண்டரின் வடிகால் குழாய்கள் திறந்தே இருக்கட்டும். அடுத்தது, கிரேன் திரும்பும்போது பாய்லரும் சேர்ந்து திரும்புகிறது. சாய்ந்த பாதையில் கண்ணாடி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் காட்டும். குறைவாகக் காட்டும் நிலையிலும் நீர் தெரிய வேண்டும்.

#13 இரும்புப்பாதை

வேறொரு கேள்வி: புது சுமை காட்டும் கருவி, கோண உணரி எல்லாம் பொருத்தினால் மரபுப்பொருள் கெட்டுவிடாதா? நூறு வருடம் அது இல்லாமல்தானே ஓடியது?

#14 மட்டப்பலகை

ஓடியது, பல கவிழ்ந்தும் போயின. அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் நிற்கிறார்கள். பூமின் அடியில் தொங்கும் கோணக் காட்டியும் ஆர அட்டவணையும் பழைய முறைதான், அவை கட்டாயம். கொக்கிக்கும் ஸ்லிங்குக்கும் நடுவே மாட்டும் சுமை அளவியைத் துளை போடாமல், வெல்டிங் இல்லாமல், மாலையில் கழற்றி வைக்கலாம். பழைய இரும்பில் ஒரு துளையும் விழாது. மரபு என்ற பெயரில் இதை மறுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பூம் பற்றி: கோணக் கம்பிகளை இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று நெளிந்திருந்தாலும் அது அலங்காரக் குறை இல்லை. பூமே அமுக்கத்தில் நிற்கும் உறுப்பு. நெளிந்த இடத்தில்தான் மடங்கும். அடிமுனைப் பின், நுனிக் கப்பி அச்சு, மையத்தண்டு மூன்றையும், வெடிப்பைக் காட்டும் காந்தத் துகள் சோதனைக்குக் கொடுங்கள். உருளை வட்டத்தில் உருளைகளைக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்து எண் போடவும். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தால் முழுச் சுமையும் அதன் மேல்தான்.

#15 இரும்புப்பாதை

ஏற்றுக்கொள்கிறேன். இழுத்துச் செல்வது பற்றி ஒன்று சேர்க்கிறேன். தானே நகரும் கிரேனில் எஞ்சினிலிருந்து மையத்தின் வழியே ஒரு தண்டு இறங்கி, கூம்புப் பல்சக்கரம் வழியாக அச்சுகளைச் சுற்றும். வேறொரு எஞ்சின் கிரேனை இழுக்குமுன் அந்தப் பல்சக்கரத்தை விலக்கிப் பூட்ட வேண்டும். விலக்காமல் இழுத்தால் சக்கரம் தண்டைச் சுற்றும், பல் உதிரும். பல அருங்காட்சியகக் கிரேன்கள் வந்து சேரும்போதே இந்தப் பல் உடைந்துதான் வருகின்றன. மேல்பகுதியைத் திருப்புப் பூட்டால் கட்டவும். பூம், அதற்கு அடியில் கோர்த்து ஓடும் துணை வண்டியின் தாங்கி மேல் படியட்டும். அதை இரும்புச் சங்கிலியால் துணை வண்டியோடு அசையாமல் கட்டிவிடாதீர்கள். வளைவில் பூம் நுனி பக்கவாட்டில் நகர வழி வேண்டும், இல்லாவிட்டால் துணை வண்டி தடம் புரளும்.

அச்சுப் பெட்டி உராய்வுத் தாங்கியாக இருந்தால் எண்ணெய் ஊறிய பஞ்சை எடுத்துவிட்டு வெண்கலத் தாங்கியைத் திருப்பிப் பாருங்கள். வருடக்கணக்காக நின்றதில் அச்சில் தண்ணீர்க் கோடு விழுந்திருக்கும். அதோடு ஓட்டினால் சிறிது தூரத்திலேயே சூடேறும்.

#16 பேசிட்டி25

திட்டத்தை மாற்றுகிறோம். ஒரு கடைசிக் கேள்வி: முதல் தூக்கலுக்கு எத்தனை பேர், எப்படி?

#17 கம்பிவடம்

ஓட்டுநர், தீயாள், ஸ்லிங் கட்டுபவர் இருவர், சைகை கொடுப்பவர் ஒருவர். பார்வையாளரைத் தடுக்கத் தனி ஆள். சைகை ஒருவரிடமிருந்து மட்டும் வரணும். "நிறுத்து" என்ற சைகையை மட்டும் யார் கொடுத்தாலும் ஓட்டுநர் உடனே நிறுத்தணும்.

முதலில் வெறும் கொக்கியோடு எல்லா அசைவும். பூமின் பூட்டுப் பல்லை எடுக்கும்போது பூமைச் சிறிது மேலே தூக்கி, பல்லிலிருந்து பாரம் இறங்கிய பிறகே எடுக்கவும். நகம் கிளட்ச்சை (பல்லோடு பல் கோர்த்துப் பிடிக்கும் கிளட்ச்) ஓட்டத்தில் மாற்றக் கூடாது. எஞ்சின் நின்ற பிறகுதான். அடுத்து எடை தெரிந்த 1 டன், பிறகு 3. மதிப்பீட்டுச் சுமையை நெருங்கும் ஒவ்வொரு முறையும் சில அங்குலம் மட்டும் தூக்கி பிரேக்கைப் போட்டு, சுமை நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைச் சுமை மதிப்பீட்டில் 110 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காய்ந்த பழைய மரப் பிரேக் கட்டைகள் முதல் நாள் நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் கசிந்து ஊறினால் மூன்றாம் நாள் வழுக்கும். அதனால் டிரம் தாங்கிக்கு எண்ணெய் விடும்போது கொஞ்சமாக விட்டால் போதும்.

#18 சுடர்க்கொடி

மிச்சிகன் குளிரை மறக்காதீர்கள். பருவம் முடிந்ததும் பாய்லர் மட்டுமில்லாமல் இன்ஜெக்டர் (பாய்லருக்கு நீர் செலுத்தும் கருவி), சிலிண்டர், நீர்த்தொட்டி, அழுத்தமானியின் வளைகுழாய் வரை நீரை வடிக்கவும். அந்த வளைகுழாயில் மறந்துபோன ஒரு கரண்டி நீர் உறைந்தால் அடுத்த வருடம் அழுத்தமானி பொய் சொல்லும்.

#19 பேசிட்டி25

நன்றி அக்கா, நன்றி அண்ணன்மாரே. பாய்லர் குழாய் ஆர்டரை நிறுத்தி வைத்தாயிற்று. இந்தச் சனிக்கிழமை ஸ்பிரிங் ஆப்பு இடைவெளியும் அவுட்ரிக்கர் பெட்டித் தகடும் அளக்கிறோம். சுமைத் தகட்டின் மேல் நாலு அடுக்கு பெயிண்ட் இருக்கிறது. ஈயம் இருக்கக்கூடும் என்பதால் சுரண்டாமல் கரைப்பான் தடவி எடுக்கிறோம். எண்கள் தெரிந்ததும் இங்கேயே போடுகிறேன்.